எல்லைக்கல்லுக்கு ஒரு கும்பிடு

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை நாங்கள் வீட்டில் உட்கார வைக்கவில்லை. காட்டில் நாலு கிலோமீட்டர் நடக்க வைத்தோம். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் நடந்தது அல்ல, நடந்த வழியில் நான் செய்துவைத்த காரியம்.

மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். அதுவரை ஏழெட்டுப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி கேசரியும் பஜ்ஜியும் செய்வாள். மகள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காப்பித் தட்டோடு வருவாள். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. ஒரே ஒரு தடவை தரகர் வழியாகச் செய்தி வந்தது. கேசரியில் எவ்வளவு நெய் சேர்த்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மகள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இனி நான் தட்டு தூக்க மாட்டேன். இன்னும் ஒரே ஒரு ஆளைப் பாக்கேன். அதுவும் இங்கன இல்ல, ஆத்தங்கரைக் காட்டுல. ஒரு ஆள்கூட மூணு மணி நேரம் நடந்தா எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சிரும். அதுவும் சரியா வரலன்னா, இந்தப் பேச்சை நம்ம வீட்டுல விட்ருவோம்."

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அவள் சொன்ன காடு குற்றாலத்துக்குக் கீழே, சிற்றாறு பரந்து ஓடுகிற தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. வனத்துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். மழைக்காலத்தில் ஆறு கரையைத் தாண்டி மரங்களுக்குள் புகுந்து நிற்கும். தண்ணீர் வடிந்து தரை கொஞ்சம் இறுகியதும், தை மாதவாக்கில் பாதையைத் திறந்துவிடுவார்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. ஓடை குறுக்கிடும் இடங்களில் மரப்பாலம் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுகூட நடக்கலாம். மகள் வருஷாவருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடம்.

நான் நடக்காதவன் அல்ல. திருச்செந்தூருக்குப் பதினோரு தடவை நடந்திருக்கிறேன். ஆனால் நான் நடந்தால் அந்த நடையின் முடிவில் ஒரு சாமி இருக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், வயலும் உரக்கடையும்தான் எனக்குத் தெரிந்த உலகம். கோயில் இல்லாத இடத்துக்கு எதற்காக நடக்க வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. மகளிடம் கேட்டேன்.

"திரும்பி வாரதுக்குத்தான்" என்றாள்.

கூடவே மூன்று கட்டளைகளும் போட்டாள். காட்டில் சாமி கும்பிடக்கூடாது. சகுனம் பார்க்கக்கூடாது. வருகிறவரிடம் நட்சத்திரம், ராசி என்று ஆரம்பிக்கக்கூடாது. காசிவிசுவநாதர் சாட்சியாக ஒத்துக்கொள்கிறேன் என்றேன். ஆரம்பமே சரியில்லையே என்று மனைவி உள்ளே இருந்து சிரித்தாள்.

தரகர் கொண்டுவந்த அடுத்த இடம் ராயகிரி. பையன் நில அளவையர். அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் அவரும்தான். காட்டு விஷயத்தைத் தரகர் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார். எங்கள் வேலையே முள்ளிலும் வரப்பிலும் நடக்கிறதுதானே, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று மட்டும் பையன் கேட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டு வாசலில் ஐந்து பேரும் கூடினோம். பையன் ஒல்லியாக, வெயிலில் கறுத்து, சாதாரணச் சட்டையில் இருந்தார். அவருடைய அம்மா நல்ல திரேகம், அரக்குப் பட்டு, கையில் பெரிய கட்டைப்பை. பார்த்தவுடன் என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. பார்க்கவில்லை, தானாகப் பட்டது.

வாசலில் காவலுக்கு இருந்த அம்மாள் பைகளைச் சோதித்தார். பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. பையனுடைய அம்மாவின் கட்டைப்பையில் அல்வா பாலிதீன் கவரில், முறுக்கு பாலிதீன் கவரில், வெற்றிலை ஈரம் காயாமல் இருக்கப் பாலிதீன் கவரில். கடைசியாக நாலு முழம் மல்லிகைப்பூ, அதுவும் கவரில். பெண்ணைப் பிடித்துவிட்டால் மாப்பிள்ளையின் தாயார் அங்கேயே பெண் தலையில் பூ வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூ வைத்தாயிற்று என்றால் முக்கால் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்தப் பூவை நான் பார்த்துவிட்டேன். என் மனைவியும் பார்த்துவிட்டாள். மகள் மட்டும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவரை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பூவைத் தேக்கிலையில் சுற்றி வாழைநாரால் கட்டிக் கொடுத்தார் காவல்காரம்மாள். பிறகு என்னிடம் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டார். என் ஆயுளில் அதைத் தொட்டதில்லை என்றேன். அது சத்தியம். தீப்பெட்டி உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. வேட்டி மடிப்பில் ஒரு தீப்பெட்டியும் நாலு கட்டிக் கற்பூரமும் இருந்தன. எதற்கு எடுத்து வந்தாய் என்றால், மூக்குக்கண்ணாடியை எதற்கு எடுத்து வந்தாய் என்று கேட்கிற மாதிரி. அது என்னோடு இருக்கும், அவ்வளவுதான்.

மகளும் பையனும் முன்னால் நடந்தார்கள். நடுவில் அவருடைய அம்மா. பின்னால் நாங்கள். அம்மாவின் கட்டைப்பை எப்போதோ பையன் தோளுக்குப் போயிருந்தது. இரண்டு பக்கமும் மருதமரங்கள், வெள்ளைத் தோல் உரிந்து நின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. ஆறு அதுவரை ஏறி நின்றிருக்கிறது. கிளை இடுக்குகளில் வெள்ளம் கொண்டுவந்த வைக்கோலும் துணியும் சிக்கிக் கிடந்தன. தரையில் ஈர வண்டல் மெத்தை மாதிரி, அதன் மேல் காய்ந்த சருகு. நான் உரக்கடைக்காரன், அந்த மண்ணைப் பார்த்ததும் ஒரு போகம் நெல் போடலாமே என்றுதான் முதலில் தோன்றியது.

மகள் அவருக்கு மரங்களைக் காட்டிக்கொண்டு போனாள். இது கடம்பு, இது நாவல், இதன் வேர் வெள்ளத்தில் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்று பாடம் நடந்தது. மரம் என்றால் தனக்கு வரைபடத்தில் ஒரு புள்ளிதான், நீங்கள் சொன்னால் தெரிந்துகொள்கிறேன் என்று பையன் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்க எட்டி நடந்தேன். மனைவி என் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, மெள்ள நடங்க. காதை மட்டும் முன்னால அனுப்பாதிய."

பாதி தூரத்தில் பாதை ஆற்றை ஒட்டி வளைகிறது. அந்த வளைவில் ஒரு பெரிய மருதமரம். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. அதன் அடியில், வேருக்கும் வேருக்கும் நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். தலையில் மஞ்சள். இடுப்பில் சிவப்புத் துணி. பக்கத்தில் அலரிப் பூ நாலைந்து உதிர்ந்து கிடந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று கட்டளைகளும் நினைவில்தான் இருந்தன. ஆனால் சாமி எதிரே வந்து நிற்கும்போது மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போக முடியுமா? அதுவும் எதற்காக வந்திருக்கிறோம்? இந்த ஒரு நடை சரியாக வராவிட்டால் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்றிருக்கிறாள். செருப்பைக் கழற்றினேன். துண்டை இடுப்பில் கட்டினேன். மடியிலிருந்த திருநீற்றை எடுத்துக் கல்லின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தா, என் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பையனின் அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்கள். இது எந்த அம்மன் அண்ணாச்சி என்று கேட்டார்கள். ஆற்றங்கரை அம்மன், ரொம்பத் துடியானவள் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான், அந்த அம்மா பட்டுச்சேலையோடு வண்டலில் மண்டியிட்டுக் கண்ணை மூடிவிட்டார்கள். என் மனைவி மட்டும் கையைக் கூப்பலாமா வேண்டாமா என்று மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கற்பூரத்தை ஒரு மருத இலையில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தேன். அப்போது பையன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவரும் ஷூவைக் கழற்றியிருந்தார். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, கும்பிடுங்க. கற்பூரம் மட்டும் வேண்டாம். கீழ பூரா காஞ்ச சருகு கெடக்கு."

மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் தீப்பெட்டியை மூடிவிட்டேன். கற்பூரத்தை ஏற்றாமலே வைத்துக் கும்பிட்டோம். கண்ணைத் திறந்தபோது எதிரே மகள் நின்றாள். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். குனிந்து அந்தச் சிவப்புத் துணியை இழுத்தாள். வெள்ளத்தில் வந்து சுற்றிக்கொண்ட யாரோ ஒருவருடைய பாவாடைத் துண்டு அது. அடியில் கல்லில் எழுத்தும் நம்பரும் வெட்டியிருந்தது.

"இது காட்டோட எல்லைக்கல்லுப்பா. மஞ்சள் பெயிண்ட்டு."

மண்டியிட்டிருந்த அம்மா திருநீற்றைப் பார்த்தார்கள், நம்பரைப் பார்த்தார்கள், மகனைப் பார்த்தார்கள்.

"ஏலே, நீ கல்லு ஊனுற வேலைதான பாக்க? உனக்குத் தெரியலயா?"

"பாத்ததுமே தெரிஞ்சிதும்மா."

"பொறவு ஏம்லே சொல்லல? பட்டுச்சேலை பூரா சகதி."

"அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கண்ண மூடிட்டிய. கண்ண மூடி நிக்கவங்கள எழுப்பியா இது கல்லுன்னு சொல்ல?"

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மகள் சிரிக்கவில்லை. நம்பரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வேகமாக முன்னால் நடந்துவிட்டாள். பையன் அம்மாவைத் தூக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, எட்டி நடந்து அவளைப் பிடித்தார்.

கெடுத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். ஒரே ஒரு நடை. அதிலும் மூன்றே மூன்று கட்டளை. அதில் முதலாவதையே மீறிவிட்டேன். மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். நம்பராவது நல்ல நம்பரா என்று பார்த்தீர்களா என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் நின்றுவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பையனின் அம்மா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் மகள் அவர்கள் காலடியில் குனிந்து இரண்டு கையாலும் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏட்டி, பாத்தியா? கல்லோ சாமியோ, பலிச்சிட்டு. மாமியார் காலுல விழுதா பாரு."

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"அட்டை கடிச்சிட்டு. அவ புடுங்குதா."

உண்மைதான். ஈரத்தரையில் செருப்பில்லாமல் மண்டியிட்டதில் அந்த அம்மாவின் கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன. மகள் துணியில் முடிந்துவைத்திருந்த உப்பைத் தொட்டுத் தொட்டு அவற்றை விடுவித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வலியே தெரியாதவர்கள் போல, என் மகளின் கூந்தலை மேலிருந்து பார்த்துக்கொண்டு, முடி நல்லா அடர்த்தி என்று என் மனைவியிடம் சொன்னார்கள். என் காலிலும் ஒன்று இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நானே பிடுங்கிப் போட்டேன். அதுதான் எனக்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டேன்.

நடை முடியும் இடத்தில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு சிமென்ட் பெஞ்சு. எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்ததும் பையனின் அம்மா தேக்கிலைப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார்கள். மல்லிகை வாசம் வந்தது. அவர்கள் பூவை எடுத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் நகர்ந்தார்கள்.

மகள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டிவிடவில்லை, பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதிய. எனக்கு ஒரு வாரம் வேணும். அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் மட்டும் இன்னொருக்க நடந்துட்டு வாரோம். இன்னைக்கு நீங்கள்லாம் இருந்தியளா, பாதி நேரம் உங்களத்தான் பாத்துட்டு வந்தோம்."

பையனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கல்லைத் தாண்டி வேகமாக நடந்தபோதே பேசியிருக்கிறார்கள். நான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்த நேரம் அதுதான்.

கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணும் ஆணும் தனியாகக் காட்டுக்குள் போவதா? என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மா ஒரு நிமிஷம் பூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். பிரித்த பூவைத் திரும்பக் கட்டுவது அவர்களுக்குச் சம்மதமில்லை போலிருக்கிறது. நகர்ந்து போய் என் மனைவியின் கொண்டையில் வைத்துவிட்டார்கள்.

"அப்ப மதினிக்கு வைக்கேன். போய்ட்டு வரட்டும் அண்ணாச்சி. நாம போனா இன்னொரு கல்லக் கும்பிட்டுட்டு வருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பன் சம்மதம் சொல்ல வேண்டிய இடம். மனதுக்குள் கிழமையைத்தான் எண்ணிப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழம நாலரைக்கு மேல ராகுகாலம். அதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்" என்றேன்.

அதைத்தான் நான் சரி சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மனைவி கொண்டையில் வாடிய பூவை எடுக்க மனமில்லாமல் திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருந்தாள். நான் அந்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்லுக்குத் திருநீறு பூசியதற்காக அல்ல, அவர் எங்கும் இருப்பவர்தானே. தீப்பெட்டியை மறைத்ததற்காக.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் கிளம்பிப் போனாள். நாலு மணியிலிருந்து நான் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்தேன். நாலரை ஆயிற்று. வரவில்லை. ஐந்து ஆயிற்று. மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள், அது ஆறிப்போயிற்று. ஐந்தேகாலுக்குத் தெருவில் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு அது திரும்பிப் போகிற சத்தமும் கேட்டது. மகள் உள்ளே வரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்த்த பெட்டிக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். சுடிதாரில் முழங்கால்வரை சேறு. வீட்டுக்கு வந்து சொல்ல முடியாத பதிலாக இருக்கும், அதுதான் அங்கே உட்கார்ந்து மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். போய்க் கூப்பிடலாம் என்று செருப்பைத் தேடினேன். மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான்.

முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. நான் சாமி அறை வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தெருவைக் கடந்து வந்தாள். குழாயடியில் காலைக் கழுவினாள். உள்ளே வந்து முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு தாண்டிட்டாப்பா?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"அப்ப அவங்க அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிருங்க. எனக்குச் சம்மதம்." துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தாள். "வந்தவுடனேயே சொல்லிருப்பேன். ராகுகாலத்துல சொன்னா பொறவு நீங்க வருஷம் பூரா தூங்க மாட்டிய."